சுத்தம் சோறு போடும். ஃபைலைத் திருப்பித் தருமா?

கம்ப்யூட்டர் வைரஸ் பற்றித் தமிழில் வருகிற அறிவுரைக் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கிற பழக்கம் எனக்குக் கொஞ்ச வருஷமாக உண்டு. நெசவுச் சொற்களுக்காகத் திறந்த நோட்டில் இது எப்படி நுழைந்தது என்று கேட்டால், காரணம் ஓரிக்கையில் இருக்கிற என் சித்தப்பா. காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற ரோட்டில், பாலாறு வருவதற்கு முன்னால் இருக்கிற ஊர். அவர் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுகிறவர். முன்பு கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் போட்டார். பதினைந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் போடுகிறார்.

சேர்த்து வைத்த கட்டுரைகளை ஒரு நாள் உட்கார்ந்து வரிசையாகப் படித்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே கட்டுரைதான். நல்ல ஆன்டிவைரஸ் போடுங்கள். விண்டோஸை அப்டேட் செய்யுங்கள். தெரியாதவர் அனுப்பிய லிங்க்கைத் தொடாதீர்கள். பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள். திருட்டு மென்பொருள் வேண்டாம். கடைசியில், போகிற போக்கில், பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் எதுவும் தப்பில்லை. தப்பில்லாத விஷயங்களைச் சொல்லியும் ஒரு கட்டுரை உதவாமல் போக முடியும் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். இந்தக் கட்டுரைகள் எந்த வீட்டைக் கண்ணில் வைத்து எழுதப்படுகின்றன என்பதே என் கேள்வி.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2021 தீபாவளிக்கு முந்தின வாரம். சித்தப்பாவிடம் இருந்த டிசைன் மென்பொருள் பழையது, யாரோ கொடுத்த காப்பி. புதிய பதிப்பு இருந்தால்தான் எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு நேரடியாக ஃபைல் கொடுக்க முடியும் என்று ஒரு முதலாளி சொல்லியிருக்கிறார். முறையான லைசென்ஸ் விலையை விசாரித்தால், அவர் நாலு மாதம் டிசைன் போட்டு வாங்குகிற கூலி. அவர் பையன், என் தம்பி முறை, காலேஜ் படிக்கிறவன், "நான் பாத்துக்கறேன் நைனா" என்று சொல்லி நெட்டில் கிராக் தேடி இறக்கினான். அதனோடு வந்த குறிப்பில் முதல் வரியே, 'நிறுவும் முன் ஆன்டிவைரஸை நிறுத்தவும்.' நிறுத்தினான். இரண்டு முறை கத்திய விண்டோஸ் டிஃபெண்டரை அவனே வாயை மூட வைத்தான்.

அப்புறம் திரையில் ஒரு விண்டோஸ் அப்டேட் ஜன்னல் வந்தது. பையன் விவரமானவன். அப்டேட் நடக்கும்போது நடுவில் கம்ப்யூட்டரை நிறுத்தக் கூடாது என்று படித்திருக்கிறான். கை வைக்காமல் சாப்பிடப் போய்விட்டான். அது அப்டேட் இல்லை. ஸ்டாப் அல்லது டிஜேவியு என்று அழைக்கப்படும் ரான்சம்வேர், தன் வேலை முடியும்வரை ஆளைச் சும்மா உட்கார வைக்கக் காட்டுகிற பொம்மைத் திரை. அவன் திரும்பி வந்தபோது ஒவ்வொரு ஃபைலுக்கும் பின்னால் நாலெழுத்து வால் முளைத்திருந்தது. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு: 980 டாலர் கொடு, 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490. அன்றைய மதிப்பில் பாதி விலையே 36,000 ரூபாய்க்கு மேல். தீபாவளித் தள்ளுபடி மாதிரி.

சித்தப்பா எனக்குப் போன் செய்து சொன்னது இதுதான்: "டேய், எல்லா டிசைனும் வெள்ளைக் காயிதமா நிக்குதுடா. உள்ள இருக்குது, தொறக்க மாட்டேங்குது."

இப்போது அறிவுரைக் கட்டுரையை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்டிவைரஸ் போடுங்கள் என்கிறது. போட்டிருந்தது, சொந்தக்காரனே நிறுத்தினான். அப்டேட் செய்யுங்கள் என்கிறது. அப்டேட் என்று நம்பித்தான் சும்மா இருந்தான். தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள் என்கிறது. இதில் லிங்க் தானாக வரவில்லை, இவன்தான் தேடிப் போனான். திருட்டு மென்பொருள் வேண்டாம் என்கிற ஒரே ஒரு வரி மட்டும் சரியாகக் குறி பார்க்கிறது. ஆனால் அந்த வரியை ஒழுக்கப் பாடமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வேண்டாம் என்றால் வேறு எது? ஒரு டிசைனருக்கு அந்த மென்பொருள்தான் தொழில் கருவி. பேனா வாங்கக் காசில்லாதவனிடம் திருட்டுப் பேனாவால் எழுதாதே என்று சொல்லலாம், எழுதுகிற வேலை அவனை விட்டுவிடுமா? நான் கிராக்குக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது வைரஸ் வருகிற ராஜபாட்டை என்று எனக்கு நேரிலேயே தெரிந்துவிட்டது. அந்தப் பாதையில் ஏன் இத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைக் கேட்காத கட்டுரை, அதில் நடக்கிறவனுக்கு உதவாது என்றுதான் சொல்கிறேன்.

அரசாங்கம் என்ன சொல்கிறது என்று தேடினேன். 2017 பிப்ரவரி 21 அன்று சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையத்தை மத்திய அரசு தொடங்கியது. செர்ட்-இன் அமைப்பு நடத்துகிறது. பாட்நெட்டில் சிக்கிய கணினிகளைக் கண்டுபிடித்து, இணைய நிறுவனங்கள் வழியாக அந்த வீட்டுக்குத் தகவல் சொல்வதும், இலவசமாகச் சுத்தம் செய்யும் கருவி தருவதும் வேலை. குவிக் ஹீல், இ-ஸ்கேன், நம்ம சென்னை கே7 ஆகிய கம்பெனிகள் கருவி கொடுத்திருக்கின்றன. சி-டாக் செய்த யுஎஸ்பி பிரதிரோத், ஆப் சம்வித் என்று இரண்டு கருவிகளும் உண்டு. முதலாவது, நீங்கள் பதிவு செய்த பென் டிரைவை மட்டும் உள்ளே விடும். இரண்டாவது, அனுமதிப் பட்டியலில் இருக்கிற நிரலை மட்டும் ஓட விடும்.

நேர்மையாகச் சொன்னால், ஆப் சம்வித்தின் யோசனை நல்ல யோசனை. கெட்டது எது என்று தேடிக்கொண்டே இருப்பதை விட, நல்லது எது என்று பட்டியல் போட்டு மற்றதை வாசலில் நிறுத்துவது மேல். 1984இல் 'வைரஸ்' என்ற பெயரோடு முதல் ஆய்வுக்கட்டுரை எழுதிய ஃபிரெட் கோஹென், எல்லா வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடித்துவிடும் ஒரு நிரல் இருக்கவே முடியாது என்று கணித முறையில் காட்டினார். ஆன்டிவைரஸ் விளம்பரத்தில் இது வராது. அதனால் அனுமதிப் பட்டியல் புத்திசாலித்தனம்தான். ஆனால் என் தம்பி டிஃபெண்டரை நிறுத்தின அதே கையால் கிராக்கையும் பட்டியலில் சேர்த்திருப்பான். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாவி வீட்டுக்காரன் கையில்தானே.

இந்த மையத்தைப் பற்றி எனக்கு உறுத்துவது அதன் பெயரில் ஆரம்பிக்கிறது. ஸ்வச்தா என்றால் சுத்தம். தூய்மை இந்தியா திட்டத்தின் சாயல் தெரிந்தே வைத்த பெயர். சுத்தம் என்று சொன்ன உடனே, அழுக்காக இருப்பவன் தப்பு செய்தவன் ஆகிவிடுகிறான். குளிக்காதவனிடம் சொல்வது மாதிரிதான் அறிவுரையும் வரும். சுத்தம் சோறு போடும் என்று நமக்குப் பழமொழியும் கைவசம் இருக்கிறது. தமிழில் நாம் வைத்த சொற்களும் இதே பக்கம்தான் சாய்கின்றன. நச்சுநிரல் என்கிறோம், தீநிரல் என்கிறோம். நஞ்சு என்றால் முறிவு மருந்து உண்டு, குடித்தால் சரியாகும் என்ற எதிர்பார்ப்பு தானாக வருகிறது. ரான்சம்வேரில் அது நடக்காது. நஞ்சை எடுத்துவிட்டாலும் ஃபைல் பூட்டியேதான் கிடக்கும். திருடனை வீட்டை விட்டுத் துரத்தியாச்சு, பீரோ சாவி அவன் பையில் போய்விட்டது. அந்த நிலைமைக்கு நச்சு, சுத்தம் இரண்டுமே பொருந்தாத சொற்கள்.

சொல்லைப் பற்றி இவ்வளவு பேசுவது ஆராய்ச்சிக்காரன் வியாதி என்று நினைக்கலாம். இல்லை. நான் சனிக்கிழமை காலையில் போய்ச் சேர்வதற்குள், காஞ்சிபுரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்கு சிபியூவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கடைக்காரர் நல்ல மனிதர். "ஃபார்மட் போட்டா க்ளீன் ஆயிடும் சார், 500 ரூபா" என்றிருக்கிறார். அவர் சொன்னது முழு உண்மை. க்ளீன் ஆகியிருக்கும். பதினைந்து வருஷ டிசைனும் சேர்ந்து க்ளீன் ஆகியிருக்கும். சித்தி மட்டும், "பெரியவன் வரட்டும், அதுவரைக்கும் தொடாதீங்க" என்று போனில் நிறுத்தி வைத்தார். நீக்குவது வேறு, மீட்பது வேறு என்ற வித்தியாசத்தை நான் சேர்த்து வைத்த கட்டுரைகளில் ஒன்றுகூட முதல் பத்தியில் சொல்லவில்லை. அவசரத்தில் இருக்கிறவன் முதல் பத்தியைத்தானே படிப்பான்.

அந்த டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில், வைரஸ் விழிக்காமல் பார்க்க வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை. வீட்டில் அக்கா பிளஸ் டூவில் வாங்கின அரசாங்க லேப்டாப் ஒன்று அலமாரி மேல் கிடந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த லினக்ஸை அந்த வீட்டில் யாரும் திறந்ததில்லை. நான் பார்த்த வீடுகள் எதிலுமே திறந்ததில்லை. விண்டோஸுக்கு எழுதிய ரான்சம்வேர் லினக்ஸில் ஓடாது. அன்றைக்கு முதல் தடவையாக அந்த இரண்டாவது கதவைத் திறந்து, டிஸ்கை யுஎஸ்பி பெட்டியில் மாட்டி, பூட்டிய ஃபைல்களை எல்லாம் அப்படியே இன்னொரு டிஸ்குக்கு நகல் எடுத்தோம். லேப்டாப் வழங்கியபோது, இது எதற்குப் பயன்படும் என்று ஒரு பக்கத் தாள் தமிழில் கூடக் கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் மீட்புக் கருவி. 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இந்த ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு இலவசச் சாவி வெளியிட்டது. பெரிய உபகாரம். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பிருந்தே பூட்டுக்காரர்கள் முறையை மாற்றியிருந்தார்கள். புதிய வகைகளில், பூட்டும் நேரத்தில் நெட் இல்லாமல் போயிருந்தால் எல்லோருக்கும் பொதுவான சாவி. நெட் இருந்திருந்தால் ஒவ்வொரு கணினிக்கும் தனிச் சாவி. சி டிரைவில் அது எழுதி வைக்கிற அடையாள எண் டி1 என்று முடிந்தால் பொதுச் சாவி, என்றைக்காவது திறக்க வாய்ப்பு உண்டு. சித்தப்பாவுடையது அப்படி முடியவில்லை. அன்றைக்கு பிராட்பேண்ட் நல்ல வேகத்தில் இருந்ததாம்.

பேக்கப் இருந்ததா? இருந்தது. ஒரு பென் டிரைவில் எல்லா டிசைனும் போட்டு, தொலையக் கூடாது என்று கம்ப்யூட்டரிலேயே மாட்டி வைத்திருந்தார். ரான்சம்வேர் மாட்டியிருக்கிற எல்லா டிரைவையும் பார்க்கும். அதையும் பூட்டிவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை வந்தபோது செர்ட்-இன் வெளியிட்ட எச்சரிக்கையைப் பிறகு படித்தேன். பேக்கப்பைத் தனிக் கருவியில், இணைப்பில்லாமல் வைக்கச் சொல்லும் வரி அதில் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வரி ஆங்கிலத்தில், போர்ட் எண்களுக்கும் நெட்வொர்க் நிர்வாகிக்கான கட்டளைகளுக்கும் நடுவில் கிடக்கிறது. தமிழ்க் கட்டுரைகளில் 'பேக்கப் எடுங்கள்' வரை வந்துவிட்டது, 'கழற்றி வையுங்கள்' வழியில் விழுந்துவிட்டது. சித்தப்பாவுக்கு வேண்டியிருந்தது அந்த இரண்டு சொல்தான்.

சுத்தத்தை விடப் பிரித்து வைப்பதுதான் காப்பாற்றும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே பெரிய இடத்து உதாரணம் உண்டு. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் டிட்ராக் என்ற உளவு நிரல் நுழைந்ததாகச் செய்தி வந்தது. முதலில் மறுத்தார்கள். அடுத்த நாள், அக்டோபர் 30 அன்று, என்பிசிஐஎல் ஒப்புக்கொண்டது: செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் சொல்லியிருந்தது, நிர்வாக வேலைக்காக இணையத்தில் இருந்த ஒரு ஊழியரின் கணினியில் இருந்தது, உலையை இயக்கும் முக்கிய வலைப்பின்னலோடு அதற்குத் தொடர்பில்லை. அணு உலைக்காரர்களாலும் அழுக்கு வராமல் பார்த்துக்கொள்ள முடியவில்லை. வந்த அழுக்கு போகக் கூடாத இடத்துக்குப் போக வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். பென் டிரைவ் வைரஸ் கதையும் இதே மாதிரிதான். செருகின உடனே தானாக ஓடுகிற ஆட்டோரன் வசதியை, பழைய எக்ஸ்பியிலும் விஸ்டாவிலும் 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் அப்டேட் வழியாக நிறுத்தியது. அந்த வகைத் தொற்று குறைந்ததை அந்த நிறுவனமே பிறகு கணக்கு காட்டியது. 'ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்' என்று நாம் வருஷக்கணக்கில் எழுதியதை விட, கதவையே எடுத்துவிட்ட அந்த ஒரு மாற்றம் அதிகம் செய்தது.

மீட்டது என்ன, போனது என்ன என்று சொல்ல வேண்டும். இந்த ரான்சம்வேர் ஒரு அவசரக்காரன். ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததுக்கு ஓடிவிடும். சித்தப்பாவின் டிசைன்கள் பி.எம்.பி. வகைப் படங்கள். அந்த வகையில் படத்தின் கீழ் வரிதான் ஃபைலில் முதலில் இருக்கும். 480 கட்டம் அகலம், 1,500 கட்டம் நீளம் உள்ள ஒரு பார்டரில், தலைப்புத் தகவலோடு சேர்ந்து கீழே 300 சொச்சம் வரி போனது, மேலே மிச்சம் அப்படியே இருந்தது. அதே அளவில் ஒரு புது ஃபைல் செய்து, அதன் தலைப்பை எடுத்து ஒட்டினோம். திரையில் யாழியும் மயிலும் மேலிருந்து இறங்கி வந்து, அடியில் மணல் கொட்டின மாதிரி நின்றது. சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இது திரும்பத் திரும்ப வர டிசைன்தான, மேலருந்து எடுத்து ஒட்டிக்கலாம்" என்றார். பெரிய பார்டர்கள் இப்படிப் பிழைத்தன.

சின்ன புட்டாக்கள் பிழைக்கவில்லை. 120க்கு 120 கட்டம் என்றால் ஃபைலே 15 கிலோபைட்தான். முழுசாக உள்ளே போய்விடும். அவற்றில் பல என் தாத்தா கிராஃப் பேப்பரில் போட்டது. பேப்பரைக் கரையான் அரிக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, பேப்பரை எடைக்குப் போட்டிருந்தார்கள்.

அப்போது சித்தப்பாவுக்கே தோன்றியதுதான் அட்டை. பழைய ஜக்கார்டில் டிசைனை அட்டையில் ஓட்டையாக அடித்துத் தறியில் மாட்டுவார்கள். ஒரு அட்டை, டிசைனில் ஒரு வரி. ஓட்டை இருந்தால் கட்டம் நிரப்பு, இல்லாவிட்டால் விடு. அந்த அட்டைக் கட்டுகள் பல வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவரும் பையனும் பைக்கில் போய் வாங்கி வந்தார்கள். ஒரு வீட்டு அம்மா, "எலி கடிச்சது ரெண்டு மூணு இருக்கும், பாத்துக்கோங்கண்ணா" என்று சொல்லிக் கொடுத்தாராம். பையன் சாயங்காலங்களில் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வரிவரியாகக் கட்டம் நிரப்புகிறான். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை, அவனே எடுத்துக்கொண்டான். எலக்ட்ரானிக் ஜக்கார்டுக்கு மட்டும் கொடுத்த டிசைன்களுக்கு அட்டையே கிடையாது. அவை போனது போனதுதான்.

இன்னொன்று. இந்த ரான்சம்வேர் தனியாக வருவதில்லை. அசோரல்ட் மாதிரி கடவுச்சொல் திருடும் நிரலையும் கூட்டிக்கொண்டு வந்தது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றி, உதவி கிடைக்கிற தளங்களைத் திறக்க விடாமலும் செய்யும். வீட்டில் அன்றைக்கு, சில தளம் மட்டும் வரலை, நெட் பிரச்சினை என்று நினைத்தார்களாம். அதனால் வேறு சுத்தமான கருவியிலிருந்து மெயில், பேங்க் எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். ஃபார்மட் போட்ட பிறகும் மாற்ற வேண்டும். நான் சேர்த்த கட்டுரைகளில் இதைச் சொன்னது ஒன்றே ஒன்று.

2023இல் சித்தப்பா போனுக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. உங்கள் கருவியை பாட் இல்லாமல் வைத்துக்கொள்ள இந்தத் தளத்துக்குப் போய் இலவசக் கருவியை இறக்கிக்கொள்ளுங்கள் என்று தளத்தின் பெயரோடு. உண்மையான செய்திதான், செர்ட்-இன் அனுப்பியது. அவர் எனக்கு அனுப்பிக் கேட்டார்: "எஸ்எம்எஸ்ல வர லிங்க்கத் தொடாதேன்னு நீதான சொன்ன. இது தொடலாமா?" நான் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆச்சு.

இப்போது அந்த வீட்டில் டிசைன் கம்ப்யூட்டருக்கு நெட் வயரே இல்லை. அதே பழைய காப்பி மென்பொருள்தான் அதில் ஓடுகிறது. லைசென்ஸ் விலை குறையவில்லை. இரண்டு டிஸ்க் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒன்று மாற்றி ஒன்றில் நகல் எடுத்து, சித்தி அதைப் பட்டுப் புடவை இருக்கிற பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார். நெட்டுக்கு அக்காவின் லேப்டாப், பாஸ் லினக்ஸில். பையன் அதில் படம் பார்க்க முடியலை என்று முனகுகிறான். அட்டையிலிருந்து இன்னும் பதினொரு புட்டா ஏற்ற வேண்டியிருக்கிறது.